ஊக்கு குத்திய இடம்

கடம்பத்தூர் வருவதற்குள் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று முடிவு செய்துவிட வேண்டும் என்றுதான் அரக்கோணத்தில் ஏறினேன். ஏறி உட்கார்ந்ததும் முழங்கால் வலித்தது, வலித்ததும் முழங்காலைப் பற்றி நினைக்க ஆரம்பித்தேன், தைலம், பிளாட்பாரப் படிக்கட்டு, கொல்லையில் பாசி பிடித்துப்போன துவைகல், விடாத ஐப்பசி மழை என்று எங்கெங்கோ போய்விட்டுத் திரும்பிப் பார்த்தால் மோசூர் போய்விட்டது. ஒரு வார்த்தைகூடச் சேரவில்லை. வேதா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இப்படித் தொடங்கினால் அதற்குமேல் சொல்லவே வேண்டாம், அவளுக்குத் தெரிந்துவிடும், ஏற்கெனவே ஐந்து மாப்பிள்ளை வீட்டாரிடம் இதைக் கேட்டுப் பழகியவள். வேதா, தப்பா நினைச்சுக்காத. தப்பாக நினைக்காமல் வேறெப்படி நினைப்பாள். வேதா, ஜாதகம் சரியா வரலையாம். ஜாதகம் பார்த்து, எட்டுப் பொருத்தம் இருக்கிறது என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் பெண் பார்க்கவே போனோம், அந்தத் தாளை நாலாக மடித்து இதே வண்டியில் என் கையில் கொடுத்தவளே அவள்தான். விஷயம் இவ்வளவுதான். என் பையன் தயாளனுக்கு வேதவல்லியின் மகள் சாருலதாவை எடுப்பதாக இருந்தோம், இப்போது இல்லை, இந்த வண்டி சென்ட்ரல் போய்ச் சேர்வதற்குள் அதை நான் அவளிடம் சொல்லியாக வேண்டும். நீயே பக்குவமா சொல்லிடு, முடியலைன்னா சாயங்காலம் ஏழு மணிக்கு நான் போன்ல சொல்லிடறேன் என்று வீட்டுக்காரர் காலையில் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டே சொன்னார். அவருடைய பக்குவம் எனக்குத் தெரியும். கேஸ்காரப் பையனிடம் பேசுகிற அதே குரலில் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். சரி என்றேன். நான் எதற்குத்தான் சரி என்று சொல்லவில்லை.

எதிர் சீட்டில் கைக்குட்டை போட்டு வைத்திருக்கிறேன், பக்கத்தில் குடை. ஒன்று கடம்பத்தூரில் ஏறுகிற வேதாவுக்கு, ஒன்று திருவள்ளூரில் ஏறுகிற எஸ்தருக்கு. ஆன்ட்டி, ஆள் வராங்களா என்று ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள். வராங்க என்றேன். பதினோரு வருஷமாக இந்த மகளிர் பெட்டியில் இதே முகத்தை வைத்துக்கொண்டு இதே பதிலைச் சொல்கிறேன், எத்தனையோ பேர் என்னைச் சபித்திருப்பார்கள். இன்றைக்கு மட்டும், உட்காரும்மா, யாரும் வரமாட்டாங்க என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. கூட்டமாக இருந்தால் பேச முடியாது, பேச முடியாமல் போனால் அது என் குற்றம் இல்லை. அந்தப் பெண் போய் வாசல் பக்கத்துக் கம்பியில் சாய்ந்துகொண்டு தோழியோடு சேர்ந்து போனைத் தொட ஆரம்பித்தாள். போனுக்குள் ஒரு பகடை உருண்டது, சத்தம்கூடக் கேட்டது. இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஒரே கண்ணாடியைத் தட்டுகிறார்கள், சிரிக்கிறார்கள். அந்தப் பகடை சீட்டுக்கு அடியில் போகாது. ஜன்னல் வழியாக விழாது. காய்கள் வைத்த இடத்தில் இருக்கும், யாரும் நகர்த்த முடியாது. நல்ல ஏற்பாடுதான். அடுத்த பெட்டியில் ஆம்பிளைகள் நாலு பேர் முழங்கால் மேல் ஒரு துண்டை விரித்து, துண்டு நழுவாமல் முட்டியால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, திருவள்ளூர் வரைக்கும் ஒரு சீட்டு ரவுண்டு, ஆவடி வரைக்கும் ஒரு ரவுண்டு என்று போடுவார்கள். நாலில் ஒருவர் லீவு என்றால் துண்டின் ஒரு மூலை தொங்கும், அன்றைக்கு யாராவது ஒரு முட்டியைக் கடன் வாங்குவார்கள். எங்கள் ஏற்பாடு வேறு. எங்கள் ஏற்பாடு வேதாவின் மூளையில் உதித்தது.

முதலில் அட்டையில்தான் தாயக்கட்டம் போட்டோம். காய்களுக்குச் சட்டைப் பித்தான். வண்டி ஆவடி வளைவில் ஒரு குலுக்குக் குலுக்கினால் எல்லாப் பித்தானும் ஓர் ஓரத்துக்கு ஓடும், அப்புறம் யார் காய் எங்கே இருந்தது என்று ஆளுக்கொரு நியாயம். புளியங்கொட்டை வைத்துப் பார்த்தோம், அது அதற்குமேல். தாயக்கட்டையை உருட்டினால் யாருடைய செருப்புக்கு அடியிலாவது போய் நிற்கும், நாங்கள் குனிந்து தேடும்போது தூங்குகிறவர்கள் காலைத் தூக்கிக் கொடுப்பார்கள். ஒரு திங்கட்கிழமை வேதா ஒரு துணியை விரித்தாள். ரவிக்கை லைனிங் துணி, சந்தன நிறம், அதில் கறுப்பு நூலால் கட்டங்கள், வெட்ட முடியாத கட்டங்களில் பெருக்கல் குறி. அந்தக் கட்டத்துக்கு எங்கள் பக்கம் மலை என்று பேர், மலையில் ஏறி உட்கார்ந்துவிட்ட காயை யாரும் வெட்ட முடியாது. காய்களுக்கு ஊக்கு. ஒவ்வோர் ஊக்கிலும் ஒரு மணி கோத்திருந்தாள், அவளுக்குச் சிவப்பு, எனக்கு நீலம், எஸ்தருக்கு வெள்ளை. காயை நகர்த்துவது என்றால் ஊக்கைக் கழற்றி அடுத்த கட்டத்தில் குத்துவது. வண்டி தலைகீழாக நின்றாலும் காய் நகராது என்றாள். இறங்கும் இடம் வந்துவிட்டால் துணியை அப்படியே மடிக்கலாம், சாயங்காலம் விரித்தால் விட்ட இடத்திலேயே ஆட்டம் நிற்கும். சில ஆட்டங்கள் பதினைந்து நாள்கூடப் போயிருக்கின்றன. கட்டையை எஸ்தரின் டிபன் பாக்ஸ் மூடிக்குள் உருட்டினோம், விளிம்பு இருப்பதால் எங்கேயும் ஓடாது. துணி என்னிடம், பித்தளைக் கட்டை இரண்டும் வேதாவிடம், மூடி எஸ்தரிடம். இதுவும் வேதா போட்ட சட்டம்தான். முழுசும் ஒருத்தர்கிட்ட இருக்கக்கூடாது சகு, இருந்தா ஒருநாள் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுவாங்க என்றாள். அப்போது அவள் வீட்டுக்காரர் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. வேலூரில் வேறு குடித்தனம். போகும்போது கிரைண்டரைக்கூட எடுத்துக்கொண்டு போன மனிதர். துணி மட்டும் ஏன் என்னிடம், ஆட்டம் முழுக்க அதில்தானே குத்தியிருக்கிறது என்று எஸ்தர் கேட்டாள். சகு கையில இருந்தா ஒரு ஊக்கு நகராது என்று வேதா சொன்னாள். அன்றைக்கு எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. பையைத் தொட்டுப் பார்த்தேன். துணி உள்ளேதான் இருக்கிறது.

போன மாதம் பெண் பார்க்கப் போனோம். கடம்பத்தூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். பதினோரு வருஷமாகத் தினம் அந்த ஸ்டேஷனைப் பார்க்கிறேன், அன்றைக்குத்தான் முதல் முறையாக அதில் இறங்கினேன். சாருலதா தட்டெல்லாம் தூக்கிக்கொண்டு வரவில்லை. வந்து எங்களோடு நாற்காலியில் உட்கார்ந்தாள், இருபத்தொன்பது வயசு, பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறாள். நீங்கதான் நீல மணியா ஆன்ட்டி என்று என்னைக் கேட்டாள். தயாளன் சிரித்துவிட்டான். ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட் ஷிப்டாக வேலை பார்த்துவிட்டு வீட்டில் தூங்கி எழுந்து போகிற என் பையன் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. எனக்கு அப்போதே எல்லாம் முடிந்த மாதிரி இருந்தது. இவரும் நல்ல பொண்ணுதான் என்று திரும்பி வரும்போது சொன்னார். அப்புறம் நேற்று, ஞாயிற்றுக்கிழமை, சோளிங்கரிலிருந்து நாத்தனார் வந்தார். எல்லாருக்கும் முன்னால் தன் சாப்பாட்டை முடித்து வெற்றிலையை மடித்துக்கொண்டே, தாரை வார்க்க யாரு நிப்பாங்க என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். பெண்ணுக்கு அப்பா இல்லை என்றால் மாமன் நிற்பான், சித்தப்பா நிற்பான், ஊரில் யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. இருக்கிறார், ஆனால் வேலூரில் இருக்கிறார், அந்த அம்மாவோடு இருக்கிறார். அவரைக் கூப்பிட்டால் அந்த அம்மாவும் வரும், கூப்பிடாவிட்டால் சொந்தக்காரர்கள் கேட்பார்கள், பத்திரிகையில் பேரைப் போடுவீர்களா மாட்டீர்களா. நாத்தனார் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல இவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. தயாளனைக் கேட்டார். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு, நீங்க சொல்றதுதான்ப்பா என்றான். அப்புறம் என்னைப் பார்த்தான். பார்த்தான் என்பதை நான் பார்த்தேன். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்திருந்தால் அவன் பிடித்துக்கொண்டிருப்பான். நான் எழுந்து ரசப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். பாத்திரத்தில் ரசமே இல்லை.

அதற்குப்பிறகு நான் செய்ததைத்தான் யாரிடமும் சொல்ல முடியாது. எல்லாரும் படுத்துவிட்டார்கள், நாத்தனாரின் குறட்டை கூடம் வரைக்கும் கேட்டது. மத்தியான வெயில், மழைக்கு நடுவே வந்த கொஞ்சம் வெயில். திங்கட்கிழமைக்குப் பையைச் சரி செய்யலாம் என்று எடுத்தேன். வெள்ளிக்கிழமை மழையில் பை நனைந்திருந்தது, துணியும் ஈரம். காயப்போடலாம் என்று விரித்தேன். ஆட்டம் விட்ட இடத்தில் இருந்தது. எனக்கு ஒரு காய் நடுக்கட்டம் சேர்ந்து பழமாகிவிட்டது, எஸ்தருக்கு இரண்டு பழம். வேதாவுக்கு ஒன்றும் இல்லை. அவளுடைய சிவப்புக் காய் ஒன்று வெளிச்சுற்று முழுக்கச் சுற்றி வந்து உள்ளே போகிற வாசலில் போன வாரத்திலிருந்து நிற்கிறது. உள்ளே போய்ப் பழமாக வேண்டுமானால் ஒரு தடவையாவது யாருடைய காயையாவது வெட்டியிருக்க வேண்டும், அதுதான் தாயத்தில் கணக்கு. இந்த ஆட்டத்தில் அவளுக்கு ஒரு வெட்டுகூட விழவில்லை. அவளுடைய இன்னொரு சிவப்பு, என் நீலத்துக்கு மூன்று கட்டம் பின்னால் இருந்தது, ஆனால் என் நீலம் புதன்கிழமையிலிருந்து மலையில் உட்கார்ந்திருக்கிறது. அதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால் தெளிவாகச் சொல்லத் தெரியாது. இதையாவது செய்வோம் என்று தோன்றியது. ஊக்கைக் கழற்றினேன், மலையிலிருந்து ஒரு கட்டம் முன்னால் வெறும் கட்டத்தில் குத்தினேன். இப்போது அவளுக்கு ஒரு நாலு விழுந்தால் போதும், வெட்டிவிட்டு உள்ளே போய்விடலாம். குத்தி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது, வெட்கக்கேடு, நிஜமாகவே லேசாகிவிட்டது, போய்ப் படுத்துத் தூங்கிவிட்டேன். நாலு மணிக்கு நாத்தனார் காப்பிக்கு எழுப்பும் வரைக்கும் தூங்கினேன்.

கடம்பத்தூர். வேதா ஏறினாள். முந்தானையால் மழைத்துளியைத் துடைத்துக்கொண்டு, கைக்குட்டையை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். சாப்ட்டியா என்றாள். சாப்ட்டேன் என்றேன். முட்டி எப்பிடி இருக்கு என்றாள். இருக்கு என்றேன். பதினோரு வருஷமாக இந்த இரண்டு கேள்வியும் மாறவில்லை, இந்த ஒரு மாதமாக மூன்றாவது கேள்வி ஒன்று அவள் வாய் வரைக்கும் வந்துவிட்டு நிற்பதை நான் தினம் பார்க்கிறேன். கேட்கமாட்டாள். பெண் வீட்டுக்காரி கேட்கக்கூடாது என்று வைத்திருக்கிறாள், சிநேகிதி கேட்கலாம், ஆனால் எந்த நிமிஷத்தில் யாராக இருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. சாரு ஸ்கூல்ல பரிட்சை, விடிய எந்திரிச்சி பேப்பர் திருத்துது என்றாள். அப்படியா என்றேன். இப்போது சொல்லிவிடலாம். இப்போது சொன்னால் எஸ்தர் ஏறுவதற்குள் எட்டு நிமிஷம் இருக்கிறது, எட்டு நிமிஷத்தில் அவள் அழுது முடித்துவிடுவாளா. அழமாட்டாள். அழமாட்டாள் என்பதுதான் பயம். ஜன்னலுக்கு வெளியே செங்கல் சூளைகள் மழையில் நனைந்துகொண்டிருந்தன, தார்ப்பாய் போட்டு மூடி அதன் மேல் கல்லும் வைத்திருந்தார்கள். துணிய எடு சகு, காய வெச்சியா, வெள்ளிக்கிழம நனைஞ்சுதே என்றாள். எடுத்துக் கொடுத்தேன். விரித்து மடியில் பரப்பி, எப்போதும்போல ஒவ்வோர் ஊக்காக விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். அது அவள் பழக்கம், ஆள் எண்ணிக்கை எடுக்கிறேன் என்பாள். விரல் எஸ்தரின் வெள்ளையைத் தாண்டியது, வாசலில் நின்ற தன் சிவப்பைத் தாண்டியது, என் நீலத்தின் மேல் வந்தது. நின்றது. வண்டி ஏகாட்டூரில் நிற்பதற்காக மெதுவானது, அதனால் விரலும் நின்றதோ என்னவோ. அப்புறம் நகர்ந்துவிட்டது. 

திருவள்ளூரில் எஸ்தர் ஏறினாள், ஏறும்போதே டிபன் பாக்ஸைத் திறந்து மூடியை எடுத்துக்கொண்டாள், எனக்கு ஒரு தாயம் விழுந்தாப் போதும்க்கா, இன்னைக்கு ஆட்டத்தை முடிச்சிடுவேன் என்றாள். அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை, பெரம்பூரில் ஒரு தபால் ஆபீசில் கவுன்டர், எல்லாவற்றையும் சட்டென்று முடிக்க நினைக்கிறவள். கட்டைகள் மூடிக்குள் விழுந்தன. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும், டின் மேல் பித்தளை, வெயில் காலத்தில் ஒரு மாதிரி, மழைக் காலத்தில் ஒரு மாதிரி. எஸ்தருக்கு மூன்று. எனக்கு ஐந்து, ஐந்துக்கு இன்னொரு தடவை உருட்டலாம், அதில் இரண்டு. நீலத்தை நகர்த்தியிருக்க வேண்டும், யாராக இருந்தாலும் அதைத்தான் முதலில் நகர்த்துவார்கள். நான் பின்னால் இருந்த வேறொரு காயை நகர்த்தினேன். வேதாவுக்கு இரண்டு. நாலு விழவில்லை.  நாலு விழுந்து, அவள் வெட்டி, எஸ்தர் கைதட்டி, வேதா அந்தப் பெரிய சிரிப்பைச் சிரித்து, வாசலில் நின்ற காய் உள்ளே போய், அந்தச் சந்தோஷத்தில் அவள் இருக்கும்போது நான் மெதுவாக, ஆவடிக்கு அப்புறம், அம்பத்தூருக்கு அப்புறம். அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தேன் போலிருக்கிறது. கையில் மிட்டாயைக் கொடுத்துவிட்டு ஊசி போடுகிற டாக்டர் மாதிரி. அந்த டாக்டரைப் பார்த்தாலே தயாளன் சின்ன வயசில் மிட்டாயைத் தூக்கி எறிவான்.

வேப்பம்பட்டு, திருநின்றவூர், கூட்டம் ஏறிக்கொண்டே இருந்தது, ஒருத்தியின் ஈரக் குடை என் கால்மேல் சொட்டியது, பட்டாபிராமில் பூ விற்கிறவள் ஏறி, எங்கள் துணியைத் தாண்டிப் போகும்போது, இன்னும் முடியலையா உங்க ஆட்டம் என்றாள். யாருக்கும் முடியவில்லை. களைப்பு எங்கே இருந்து வருகிறது என்று தெரியவில்லை, கண்ணிலிருந்து வருகிறது என்று கண்ணாடி மாற்றினேன், முட்டியிலிருந்து வருகிறது என்று தைலம் தேய்க்கிறேன். நேற்று எழுந்து ரசப் பாத்திரத்தை எடுத்தேனே, அந்த எழுந்திருப்பிலிருந்து வருகிறது. முப்பத்து நாலு வருஷமாக வாக்குவாதம் வரும் என்று தெரிந்த உடனே ஏதாவது ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போகிறேன். வீட்டில் எல்லாரும் அதற்கு, சகுந்தலா ரொம்பத் தன்மை என்று பேர் வைத்திருக்கிறார்கள். வேதா எழுந்து போகமாட்டாள். அவள் வீட்டுக்காரர் பெட்டி கட்டியபோதுகூட எதிரே நின்று, போறதுன்னா பொண்ணுகிட்ட சொல்லிட்டுப் போ என்று சொன்னவள். அவர் சொல்லாமல்தான் போனார். அக்கா, அந்த நீலத்த நகத்துங்கக்கா, வேதாக்கா சிவப்போட வாய்க்குள்ளேயே வெச்சிருக்கீங்க என்று எஸ்தர் என் தொடையில் தட்டினாள். பாத்துக்கறேன் என்று இரண்டாவது தடவையும் வேறு காயை நகர்த்தினேன். இன்னைக்கு சகுந்தலாக்கா மனசு இங்க இல்ல, மாப்ள வீட்டு அம்மா ஆயிட்டாங்க என்று எஸ்தர் சிரித்தாள். வேதா சிரிக்கவில்லை. கட்டைகளை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டே என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் உருட்டினாள். வில்லிவாக்கம் தாண்டிக்கொண்டிருந்தது, தண்டவாளம் மாறுகிற இடம், கட்டைகள் மூடியின் விளிம்பில் மோதித் திரும்பி நின்றன. ஒன்றில் மூன்று, ஒன்றில் ஒன்று.

நாலு என்று எஸ்தர்தான் கத்தினாள். வேதா குனிந்தாள். அவள் கை துணியின் மேல் போனது, மூன்று நாலு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் கை என் நீலத்துக்குப் பின்னால் இருந்த சிவப்பைத் தொடவில்லை. கோடியில் இருந்த வேறொரு சிவப்பைக் கழற்றி நாலு கட்டம் எண்ணிக் குத்தினாள். அங்கே ஒன்றும் இல்லை, வெறும் கட்டம். என்னக்கா பண்றீங்க, வெட்டு இருக்கு பாருங்க, கண்ணு தெரியலையா, இதுக்காகத்தானே ஒரு வாரமா வாசல்ல நிக்கிறீங்க என்றாள் எஸ்தர். இருக்கட்டும் என்றாள் வேதா. இருக்கட்டும்னா என்னக்கா அர்த்தம், மாத்திக்கோங்க, நாங்க ஒண்ணும் சொல்லமாட்டோம். குத்தினது குத்தினதுதான் என்றாள் வேதா. எஸ்தர் என்னைப் பார்த்தாள், நான் ஜன்னலைப் பார்த்தேன். பெரம்பூர் வந்துவிட்டது. எஸ்தர் மூடியை எடுத்துத் துடைத்து டிபன் பாக்ஸில் பொருத்தி, ரெண்டு பேருக்கும் இன்னைக்கு ஏதோ ஆயிடுச்சு, சாயங்காலம் வந்து பாத்துக்கறேன் என்று இறங்கிப் போனாள். பாதிப் பெட்டி அவளோடு இறங்கிவிட்டது.

வியாசர்பாடி தாண்டி, பேசின் பிரிட்ஜுக்கு முன்னால் சிக்னல் இல்லாமல் வண்டி நின்றது. தினம் நிற்கிற இடம்தான். ஃபேன் நின்றதும் மழைச் சத்தம் கேட்டது. துணி இன்னும் அவள் மடியில் விரிந்துதான் இருந்தது.

"வெள்ளிக்கிழம உன் நீலம் மலைல இருந்துச்சு" என்றாள் வேதா.

நான் துணியைப் பார்த்தேன்.

"இங்க பாரு. ஊக்கு குத்தின இடம் தெரியுது." மலைக் கட்டத்தின் பெருக்கல் குறி நடுவில் இரண்டு சின்ன ஓட்டை, ஓட்டையைச் சுற்றித் துரு. புதன்கிழமையிலிருந்து அங்கேயே குத்தியிருந்து, வெள்ளிக்கிழமை ஈரத்தில் ஊறிய ஊக்கு. அது எனக்கு எப்படித் தெரியாமல் போனது. "நீ நகத்தியிருக்கேன்னு பாத்தேன். உனக்கு நல்லதா நகத்தியிருந்தா திருட்டு ஆட்டம்னு சண்ட போட்டிருப்பேன். எனக்கு நல்லதா நகத்தியிருக்கே."

"வேதா..."

"வேணாம்னுட்டாங்களா?"

தலையை ஆட்டினேன். இவ்வளவு சுலபமாக இருந்தது. அரக்கோணத்திலிருந்து தேடிய வார்த்தை ஒன்றும் தேவைப்படவில்லை.

"சாரு பேர்ல ஏதாவது?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல வேதா. நாத்தனார்தான்... தாரை வார்க்க யாரு நிப்பாங்கன்னு..."

"ஓ" என்றாள். வெளியே பார்த்தாள். "பையன் என்னா சொன்னான்?"

"நீங்க சொல்றதுதான்னான்."

"நீ என்னா சொன்ன?"

இந்தக் கேள்விக்கு நான் ஒரு வார்த்தையும் தயார் செய்து வைத்திருக்கவில்லை. ஜாதகத்துக்கு இருந்தது, நாத்தனாருக்கு இருந்தது, விதிக்குக்கூட ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். ரசப் பாத்திரத்தைப் பற்றி அவளிடம் எப்படிச் சொல்வது.

"நான் ஒண்ணும் சொல்லல" என்றேன்.

அவள் தலையை மெதுவாக ஆட்டினாள். கோபம் இல்லை, கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு நானும் அழுதிருப்பேன். "அஞ்சு பேரு வேணாம்னு சொல்லிட்டாங்க சகு, எனக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல. உங்க வீட்லயும் சொல்லலாம், சொல்றதுக்கு உரிமை இருக்கு. ஆனா நீ வீட்ல வாயத் தொறக்கல. தொறக்காம, துணியில ஒரு ஊக்க நகத்தி வெச்சிட்டு வந்திருக்க. எனக்கு ஒரு பழம் கெடைக்கட்டும்னு."

வண்டி கிளம்பியது. துணியை அவளே மடித்தாள், ஊக்குகள் குத்தாமல் உள்பக்கமாக வைத்து, எப்போதும் மடிக்கிற மாதிரி. என் மடியில் வைத்தாள். அப்புறம் கட்டைகள் இரண்டையும் முந்தானையில் துடைத்து, என் கையை எடுத்து, உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள். பித்தளை அவள் கைச் சூட்டோடு இருந்தது.

"இதையும் நீயே வெச்சுக்க" என்றாள். "மூடியை எஸ்தர்கிட்ட கேட்டு வாங்கிக்க. முழுசா உன்கிட்டயே இருக்கட்டும். எங்க வேணா எடுத்துட்டுப் போய் ஆடலாம்."

வேதா, வேணாம் என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா. அவள் எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். பெட்டியில் இடம் இருந்தது, உட்கார்ந்தே வந்திருக்கலாம், அவளுக்கும் ஐம்பத்து மூன்று வயசு. சென்ட்ரலில் வண்டி நிற்பதற்கு முன்பே இறங்கத் தயாராக நின்றவர்களோடு அவளும் நின்றாள், நின்றதும் இறங்கினாள். அவள் பச்சைக் குடை கொஞ்ச தூரம் தெரிந்தது, அப்புறம் நிறையப் பச்சைக் குடைகள் இருந்தன.

பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது, இருந்தாலும் உட்கார்ந்தேன். துணியை விரித்து, என் நீலத்தைக் கழற்றி, மலைக் கட்டத்தில் பழைய ஓட்டையிலேயே குத்தினேன். தேடவே வேண்டியிருக்கவில்லை, ஊக்கு தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது. பக்கத்துக் கட்டத்தில் நேற்று குத்திய ஓட்டை அப்படியே இருந்தது, நகத்தால் நூலை நீவி நீவி மூடப் பார்த்தேன். நாளைக்குக் கடம்பத்தூரில் அவள் எந்தப் பெட்டியில் ஏறுவாள், ஜெனரலில் நின்றுகொண்டு வருவாளா, இதற்கு முந்தின வண்டியா. எஸ்தர் கேட்டால் என்ன சொல்வது. சாயங்காலமே கேட்பாள். போன் அடித்தது. அவர்தான்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்னா சொன்னாங்க? சத்தம் கித்தம் போட்டாங்களா?"

"இல்லைங்க. நான் என்னா சொன்னேன்னு கேட்டா."

"அதான் நீ சொல்லிட்டியே, அப்புறம் என்ன கேக்கறது?"

"இங்க இல்லைங்க. நேத்து. நம்ம வீட்ல, அக்கா பேசும்போது. அப்ப நான் என்னா சொன்னேன்னு கேட்டா."

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், போகவில்லை. விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. இப்போது பேசலாம் என்று எனக்குத் தோன்றியது. இன்னும் நாத்தனார் ஊருக்குப் போகவில்லை, இன்னும் ஏழு மணி ஆகவில்லை, தயாளன் ஷிப்ட் முடிந்து ஆறு மணிக்கு வருவான், தாரை வார்க்கப் பெண்ணுக்கு மாமன் யாராவது நிற்கட்டும், யாரும் நிற்காவிட்டால் வேதாவே நிற்கட்டும், எனக்கு அந்தப் பெண் வேண்டும். எல்லா வார்த்தையும் வரிசையாக இருந்தது. கையில் கட்டைகள் ஆறிப்போயிருந்தன. அவர் தொண்டையைச் செருமினார்.

"சரி, அத விடு. முட்டித் தைலம் தீந்துபோச்சு, காலைல பாத்தேன். வரும்போது வாங்கிட்டு வா" என்றார்.

சரி என்றேன்.